தூறலின் கடைவாய்ப் பற்கள்

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை ஏழு பத்து. பற்கள் இருபத்தாறு. இருக்க வேண்டியவை முப்பது.

அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமிருக்காது என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருப்பது உன் பூனையின் வாய்க் கணக்கு. நேற்று டாக்டரம்மா எண்ணிச் சொன்னார். நம்பாமல் இன்று காலை டார்ச்சை என் வாயில் கவ்விக்கொண்டு, தூறலின் வாயைப் பிளந்து நானும் எண்ணினேன். அவர் சொன்னது சரி. என் கட்டைவிரலில் இப்போது இரண்டு ஓட்டை.

முந்தாநாள் திரைச்சீலைக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றில் ரத்தம். வாயை முகர்ந்தேன். லிஃப்ட் குழிக்குள் எலி செத்துக் கிடந்தால் ஒரு வாடை வருமே, அது. பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எத்தனை வருஷமா பல் தேய்க்கல?" என்றார் டாக்டரம்மா.

"பூனைக்கு யாரு டாக்டர் பல் தேய்ப்பாங்க?"

"லிஃப்டுக்கு யாரு கிரீஸ் வைப்பாங்க?"

"நான்தான்."

"அப்ப இதுக்கும் நீங்கதான்."

ஆனால் தேய்ப்பதால் சரியாகிற கட்டம் போய்விட்டதாம். முன்பற்களில் காறைதான், சுத்தம் செய்தால் போதும். கடைவாய்ப் பற்கள் ஈறுக்குக் கீழே கரைகின்றன. சொத்தை இல்லை; பூனையின் உடம்பே தன் பல்லைக் கரைத்துக்கொள்ளுமாம். ஏன் என்று கேட்டால் அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, கெட்டதையெல்லாம் பிடுங்க வேண்டும்.

"அப்படியே விட்டா?"

"வலி தாங்காம ஒருநாள் சாப்பாட்டை நிறுத்தும். பூனை நாலு நாள் சாப்பிடலைன்னா ஈரல் கெட்டுப்போகும். அப்புறம் பிடுங்குறதுக்குப் பல் இருக்கும், பூனை இருக்காது."

தூறலின் ஆஸ்பத்திரி அட்டையில் உன் பெயர் இருக்கிறது. ஒன்பது வயதுப் பூனைக்கு மயக்க மருந்து என்றால் உரிமையாளர் எழுதித் தரவேண்டும் என்றார். நான் சண்டை போடவில்லை. எங்கள் வேலையிலும் இதே விதிதான். லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைத்து என் சொந்தப் பூட்டைப் போடுவேன். சாவி என் பையில். முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். ஆகவே பூட்டு உன்னுடையது, நீதான் திறக்க வேண்டும்.

'சம்மதம்' என்று ஒரு சொல். கீழே கையெழுத்து. அடுத்த படகில் அனுப்பு.

தம்பி

*

பிப்ரவரி 22

அன்பு ஸ்பேனருக்கு,

உன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் விரல் ஓட்டை ஆறியிருக்குமா என்றுதான் முதலில் நினைத்தேன். மருந்து போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். போடு.

நான் நன்றாக இருக்கிறேன். காற்றுதான் ஓயவில்லை. இருக்கிற ஒரே தொலைபேசி நிலையத் தலைவரிடம், அதுவும் புயலுக்குத்தான் என்கிறார், நமக்குப் படகுக் கடிதம்தான். நேற்று மழைமானியைப் பார்க்கப் போன என் தலையில் ஒரு கடற்பறவை உட்கார்ந்தேவிட்டது. அதன் கூட்டுக்கு நான்தான் ஆபத்தாம். தூறலைக் கூட்டிக்கொண்டு வரவிடாமல் செய்த மகாராணிகள் இவர்கள்தான். 'பூனை, நாய் இறங்கத் தடை' என்று படகுத்துறையிலேயே பலகை. இந்தத் தீவு வானிலை நிலையத்தில் மனிதர்கள் நாலு பேர், பறவைகள் நாலாயிரம். சட்டம் யார் பக்கம் இருக்கும்? மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய்க் கருவிகளைப் படிப்பதற்குள் இவர்களுடன் ஒரு போர்.

தூறலுக்கு ஏன் உடனே மயக்கம், பிடுங்கல் என்று கிளம்புகிறாய்? நீ எதிலும் பாதிவழி நிற்கமாட்டாய். முதலில் தேய்த்துப் பார். நம் பற்பசை ஆகாது, அது நுரைக்கும், அவள் விழுங்கிவிடுவாள். பூனைக்கென்று கோழி வாசனையில் விற்கிறார்கள். முதல் வாரம் பிரஷ்ஷே காட்டாதே. விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, மீன் வேகவைத்த தண்ணீரில் தொட்டு, உதட்டை மட்டும் தூக்கி வெளிப்பக்கம் தடவு. அரை நிமிடம். அவள் போதும் என்றால் போதும். முடித்ததும் தாடைக்கடியில் சொறிந்துவிடு, மன்னித்துவிடுவாள்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கூண்டு மேல் ஏறும்போது பெல்ட் போடுகிறாயா?

அன்புடன் அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

பெல்ட் போடுகிறேன். சாப்பிடுகிறேன். நீ நலமென்று எழுதியதைப் படித்தேன். நான் கேட்டதற்குப் பதிலைத் தேடினேன். கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன். இல்லை.

இருந்தாலும் நீ சொன்னதைச் செய்தேன். துணியைச் சுற்றி, மீன் தண்ணீரில் நனைத்து, தினமும் காலை வேலைக்குக் கிளம்பும் முன். தண்ணீரை நக்கிக் குடிக்கும்வரை நல்ல பெண். உதட்டைத் தூக்கினால் பேய். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, பூனைக்குப் பல்லு விளக்குறியே, உனக்கு விளக்குனியா?"

"ஆச்சும்மா. அசையாம பிடிங்க."

"நான் அசையல. நீதான் நடுங்குற."

நான் நடுங்கவில்லை. அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

பத்து நாளில் முன்பற்களும் கோரைப் பற்களும் வெள்ளையாகிவிட்டன. ஒப்புக்கொள்கிறேன், தேய்ப்பது வேலை செய்கிறது. ஆனால் பின்னால் இடப்பக்கம் விரல் போனாலே கத்துகிறாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நல்ல பல்லைத் தேய்ங்க. கெட்ட பல்லைத் தொடாதீங்க. புண்ணைத் தேய்ச்சா யாரு சும்மா இருப்பாங்க? அக்கா எழுதினாங்களா?" என்றார். இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உனக்கு ஆறுதலாக ஒன்று: சாப்பாடு நிற்கவில்லை. தட்டை வைக்கும் முன்னும் எடுக்கும் முன்னும் தராசில் எடை பார்க்கிறேன். போடுவது அறுபது கிராம், மிச்சம் பூஜ்யம். இது நீடிக்கும்வரை நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்பதற்காக நீ எடுத்துக்கொள்ளாதே.

உனக்குப் பிடித்த கடலை பிஸ்கட் ஒரு டின் இதோடு வருகிறது.

தம்பி

*

மார்ச் 22

ஸ்பேனர்,

டின் வந்தது. சமையல்காரருக்குக் கொடுத்தேன், மனிதர் குழந்தை மாதிரி கடித்துக் கொண்டாடினார். கோபிக்காதே. இங்கே எனக்குப் பிஸ்கட்டில் ஆசை விட்டுப்போயிற்று. சூப், கூழ் என்று சூடாக ஏதாவது குடித்தால் போதும் என்றிருக்கிறது. குளிர்.

அவள் அறுபது கிராமும் சாப்பிடுகிறாள் என்றால் நல்லதுதானே? பார்த்தாயா, டாக்டர்கள் எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார்கள்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மயக்கம் என்றால் எத்தனை நேரம்? அந்த நேரம் முழுக்க யாராவது பக்கத்திலேயே இருப்பார்களா, இல்லை மருந்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்களா? எழுந்த பிறகு வாய் பழையபடி இருக்குமா? எந்தப் பக்கமாக மெல்லுகிறாள்? தலையைச் சாய்க்கிறாளா?

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று முகமில்லை. நான் ஒரு மடையன்.

நேற்று செருப்பு அலமாரியை நகர்த்தினேன். எறும்பு வரிசை ஒன்று அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பூனைத் தீனி ஒரு குவியல். சில உருண்டைகளில் காய்ந்த ரத்தம். தட்டிலிருந்து வாயில் எடுத்திருக்கிறாள், கடித்ததும் வலித்திருக்கிறது, யார் கண்ணிலும் படாத இடத்தில் கொண்டுபோய்த் துப்பியிருக்கிறாள். தினமும்.

நான் தட்டை எடை போட்டேன். பூனையை எடை போடவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் புதுப் பையன் இப்படிச் செய்தால் காது கிழியத் திட்டியிருப்பேன்: மீட்டரில் கரண்ட் வருகிறது என்பதால் மோட்டார் சுற்றுகிறது என்று அர்த்தமா?

உடனே தூக்கிக்கொண்டு போனேன். பிப்ரவரியில் நாலு கிலோ நூறு. இப்போது மூன்று கிலோ நானூறு. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலிமருந்து எழுதினார், தீனியைக் கூழாக அரைக்கச் சொன்னார். "இது நாள் தள்ளுறதுதான். சரி பண்றது இல்ல" என்றார்.

உன் கேள்விகளுக்குப் பதில். மயக்கம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். முன்னதாக ரத்தப் பரிசோதனை. மருந்து கொடுத்தபின் உதவியாளர் ஒருவர் தலைமாட்டை விட்டு நகரமாட்டார். மூச்சு, நாடி, சூடு, மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்த பிறகு வாய் பழையபடி இருக்காது. பழையதைவிட நன்றாக இருக்கும். மெல்லுவது வலப்பக்கம். ஆம், சாய்க்கிறாள்.

இனி நீ கேட்க ஒன்றும் பாக்கியில்லை. எழுது.

தம்பி

*

ஏப்ரல் 27

அக்கா,

படகு வந்தது. பையில் உன் கடிதம் இல்லை. படகுக்காரரிடம் கேட்டேன். "அந்தம்மா கரையில நின்னாங்க, கை ஆட்டினாங்க. லெட்டர் கொடுக்கல" என்றார். கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். 'சம்மதம்' என்று ஐந்து எழுத்து எழுத அது போதும்.

கூழ் சாப்பிடுகிறாள். எடை ஏறவில்லை, இறங்கவில்லை.

தம்பி

*

மே 10

தம்பி,

உன் கோபம் நியாயம். எழுத உட்காரும்போதெல்லாம் அடுத்த கருவி வாசிப்புக்கு நேரமாகிவிடுகிறது.

தூறலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பாக வை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காதுவரை ஒரு கம்பி இழுத்த மாதிரி போகும். ஜன்னல் பக்கம் படுக்கவிடாதே, காற்றே குத்தும். பகலில் பரவாயில்லை போலத் தெரியும், வேலையில் மறந்துவிடும். படுத்தால்தான் துடிக்கும். நாக்கு வேறு சும்மா இருக்காது, தொடாதே தொடாதே என்றாலும் அங்கேயே போய் நிற்கும். அந்தச் சமயத்தில் அவளைத் தனியாக விட்டுவிடு. யாராவது 'என்ன ஆச்சு' என்று கேட்டால் அழுகை வந்துவிடும்.

மயக்க மருந்து மட்டும் வேண்டாமே. மழைக்காலம் போகட்டும். நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாளா?

நீ நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

*

மே 24

அக்காவுக்கு,

இரண்டு விஷயம். நலம் விசாரிப்பு இரண்டாவதில் வருகிறது.

முதல் விஷயம். தூறலுக்கு வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. உன் சம்மதம் இல்லாமல்.

எங்கள் பூட்டு விதிக்கு ஒரு பின்பாதி உண்டு. பூட்டுப் போட்டவன் இடத்தில் இல்லை, கூப்பிட்டாலும் வரவில்லை, உள்ளே யாரும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்தால், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அந்தப் பூட்டை அறுக்கலாம். இதுவரை ஒரே ஒரு தடவை அறுத்திருக்கிறேன். பிடிக்காத வேலை. முந்தாநாள் டாக்டரம்மாவிடம் போய், இப்படி ஏதாவது உங்களிடம் உண்டா என்று கேட்டேன்.

"யாரு வளர்க்குறாங்களோ அவங்க பேருக்கு அட்டையை மாத்திக்கலாம். ஒரு சாட்சி இருந்தாப் போதும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாமே? மூணு மாசமா பூட்டு, சாவின்னு கதை சொல்லிட்டிருந்தது யாரு? நான் ஏதோ உங்க குடும்ப வழக்கம்னு நினைச்சேன்."

தையல்காரம்மா சாட்சி. "பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிறான், எழுதிக்கோங்க" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். தூறல் இப்போது சட்டப்படி என் பூனை. திட்டுவதை எழுதி அனுப்பு, படிக்கிறேன்.

இரண்டாவது விஷயம். உன் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர், சரி என்றார். கம்பி இழுத்த மாதிரி என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்கா பூனை டாக்டரா?" என்றார். இல்லை, வானிலை பார்ப்பவர் என்றேன்.

"பூனை எனக்கு இதையெல்லாம் சொன்னதே இல்லையே" என்றார்.

காது வரை போகும் என்று உனக்கு எப்படித் தெரியும்? படுத்தால் துடிக்கும் என்று எப்படித் தெரியும்? தூறல் அழமாட்டாள், பூனை அழாது. அழுகை வருவது யாருக்கு?

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை கேட்பதற்காகக் கேட்கவில்லை.

தம்பி

*

மே 30

அக்காவுக்கு,

முடிந்தது. உயிரோடு இருக்கிறாள். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

ராத்திரி முதல் பட்டினி. காலை எட்டரைக்கு உள்ளே எடுத்துப்போனார்கள். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவிட்டார்கள். உதவியாளர் பெண் சொன்னபடியே தலைமாட்டில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவேயில்லை. எக்ஸ்ரேயில் கடைவாய் வேர்கள் பூச்சி அரித்த மரம் மாதிரி இருந்தன. எட்டுப் பல் போயிற்று. மிச்சம் பதினெட்டு. கோரைப் பற்கள் நாலும் பத்திரம், ஆகவே என் விரல்கள் பத்திரமில்லை.

பத்து மணி தாண்டிக் கண்ணைத் திறந்தாள். எதிரில் இருந்த சுவரை எதிரி மாதிரி முறைத்தாள். பிறகு என்னை முறைத்தாள். சாயங்காலம் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தாள். தலையைச் சாய்க்கவில்லை, அக்கா. இரண்டு பக்கமும் அசைத்துச் சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தரையில் தள்ளிக்கொண்டே சமையலறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே தவழ்ந்தேன். தையல்காரம்மா பார்த்துவிட்டார், தெருவுக்கே சொல்லியிருப்பார்.

எத்தனை மாதம் வலியோடு இருந்திருக்கிறாள் என்று, வலி போன பிறகுதான் தெரிகிறது. அலமாரி மேல் ஏறுகிறாள். கிழடாகிவிட்டாள் என்று நான் நினைத்தது கிழடு இல்லை.

போன கடிதத்தில் கேட்டது அப்படியே நிற்கிறது. பதில் வராவிட்டால் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

கடல் சரியில்லாமல் இரண்டு தடவை படகு வரவில்லை. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகவே வந்தன. தேதி பார்க்காமல் பிரித்துவிட்டேன், 'முடிந்தது, உயிரோடு இருக்கிறாள்' என்பதைத்தான் முதலில் படித்தேன். களஞ்சிய அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பூனைத் திருடா. நன்றாக இரு.

இனி பொய் எழுத முடியாது. அப்போது அதைப் பொய் என்று நினைக்கவும் இல்லை, நலம் நலம் என்று எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டேன்.

என் வலப்பக்கக் கீழ்த் தாடையில், கடைசிப் பல்லுக்கு அடியில் எலும்புக்குள் ஒரு பை கட்டியிருக்கிறது. இங்கே கிளம்பும் முன் எடுத்த எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை என்றார் பல் டாக்டர். ஆனால் வளரும், தாடை எலும்பைத் தின்னும், மூன்று மாதத்துக்குள் முழு மயக்கத்தில் எடுத்துவிட வேண்டும் என்றார். ஒரு வருடம் இங்கே முடித்தால் பதவி உயர்வு, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அது காரணம் இல்லை, சாக்கு.

காரணம் சொன்னால் சிரிப்பாய். பதினோரு வருடமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்க்கிறேன். என் முறையில் ஒரு வாசிப்பு விட்டுப்போனதில்லை. தூங்கினாலும் உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருக்கும், மணியடிக்கும் முன் எழுப்பிவிடும். மயக்கம் அப்படியில்லை. ஒரு ஊசி, அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த நேரம் எனக்கு இல்லாமலே போய்விடும். யாரும் பார்க்காத நேரம். ஊசிக்குப் பயமில்லை, கத்திக்குப் பயமில்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான்.

நீ 'சம்மதம்' கேட்டபோது பேனாவை எடுத்தேன். பூனைக்குச் சரி என்று எழுதினால் எனக்கு என்ன எழுதுவது? அவளைப் போகச் சொல்லிவிட்டு நான் போகாமல் இருப்பது எப்படி? அதனால் அவளையும் நிறுத்திவைத்தேன். என் பயத்துக்கு அவள் எழுநூறு கிராம் இளைத்திருக்கிறாள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. நிலையத் தலைவருக்குத் தெரியாது, சமையல்காரருக்கு மட்டும் சந்தேகம். கேட்காமலே கூழ் வைக்கிறார். மாத்திரை இருக்கிறது.

கோபப்படு. ஆனால் என்ன செய்வது என்று சொல். எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

ஜூலை 5

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை.

கோபம் இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உன் கடிதம் கைக்கு வந்ததும் லீவு சொல்லிவிட்டு உன் பல் டாக்டரிடம் போனேன். பழைய எக்ஸ்ரே அவரிடம் இருந்தது. உன் கடிதத்தில் வாய் திறக்கும் அளவைப் படித்துக் காட்டினேன். "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்றார். தீவில் இருக்கிறார் என்றேன். "அதை நான் கேட்கலையே" என்றார். உனக்கு ஏற்ற டாக்டர்தான். பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, காலையில் நேரம் வாங்கிவிட்டேன். ஒன்றரை மணி நேர வேலை. மயக்க மருந்து கொடுப்பவர் தனி டாக்டர், அவரையும் பார்த்தேன். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவீர்களா என்று கேட்டேன். "டீ குடிக்கக்கூட நகரமாட்டேன்" என்றார். எழுதித் தருவீர்களா என்றேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து நேராகத் துறைமுகம். உங்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் படகு நாளை கிளம்புகிறது. ஏறப் பார்த்தேன்.

"இதுல ஆளு ஏத்தக் கூடாதுங்க, டீசல் மட்டும்தான்" என்றார் ஓட்டுநர்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்."

"தீவுல லிஃப்டே கிடையாதே."

"ஏத்துறதுக்குப் போகலண்ணே. இறக்கிக் கூட்டிட்டு வர."

சிரித்தார், ஏற்றவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை வழக்கமான படகில் எனக்கு இடம் இருக்கிறது.

உன் வேலை ஒன்றே ஒன்றுதான்: இதைப் படித்து முடித்ததும் தலைவரின் அறைக்கு நடந்துபோய்ச் சொல். காய்ச்சல் வந்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ சனிக்கிழமைவரை காத்திருக்காதே. அவரிடமிருக்கும் அவசரத் தொலைபேசி புயலுக்கு மட்டும் வைத்திருப்பது இல்லை. பதவி உயர்வு தள்ளிப்போகும். போகட்டும். எழுநூறு கிராமை நினைத்து உட்கார்ந்திருக்காதே, அதில் நானூறு ஏறிவிட்டது.

மிச்சமெல்லாம் என் வேலை. என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டாயே:

1. பதினொன்றாம் தேதி சனிக்கிழமை காலை படகில் ஏறுவேன். தூறல் தையல்காரம்மாவிடம் இருப்பாள். பல் தேய்க்கும் முறையை அவருக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுப்பேன்.

2. நீ தலைவரிடம் சொல்லியிருக்காவிட்டால், இறங்கியதும் நான் சொல்வேன். நான் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். நீயே சொல்லிவிடு.

3. உன் பெட்டியை நான் தூக்குவேன். அதே படகில் உன்னைக் கூட்டி வருவேன்.

4. புதன்கிழமை காலை உன்னோடு உள்ளே வர அனுமதி கேட்பேன். கிடைக்காது. மறுபடி கேட்பேன். அப்புறம் வெளியே நிற்பேன்.

5. ஒரு வாரம் நீ பேசக் கூடாதாம், கூழ்தானாம். அரைப்பதில் எனக்கு இப்போது நல்ல கை. பேச்சையும் நானே பார்த்துக்கொள்வேன்.

6. நீ கண் மூடும் நிமிடத்திலிருந்து திறக்கும் நிமிடம்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இல்லை, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. காற்று, வெயில், மேகம், எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். மேகத்தின் வகையெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளை, சாம்பல், இல்லை என்றுதான் எழுதுவேன். நீ எழுந்ததும் கையில் தருகிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

தம்பி